சீரம்ல போட்டதும் என் கார்பன் டாட் சென்சார் குழப்புது, இந்த ஏரியால வேலை பண்ணவங்க கொஞ்சம் பாருங்க

நீலவெளிச்சம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் கெமிஸ்ட்ரில பிஎச்டி, ரெண்டாவது வருஷம். ரத்தத்துல ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்குன்னு நானோ துகளோட வெளிச்சத்த வச்சு அளக்கறது தான் டாபிக். கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க, பாதி மட்டும் சொன்னா பதில் சொல்றவங்களுக்கும் கஷ்டம்.

சிட்ரிக் ஆசிட், எத்திலீன்டைஅமின் ரெண்டையும் தண்ணில கரைச்சு டெஃப்லான் வச்ச ஆட்டோகிளேவ்ல 200 டிகிரில 5 மணி நேரம் வச்சேன். வெளிய எடுத்தா தேன் கலர்ல ஒரு கரைசல், அதுல இருக்கற சில நானோமீட்டர் சைஸ் கார்பன் துகள் தான் கார்பன் டாட், சும்மா பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிச்சா அப்படியே நீலமா எரியும். முதல் தடவ அது எரிஞ்சப்ப லேப் லைட்ட எல்லாம் அணைச்சுட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னேன். அதுல டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக்க சொட்டுச் சொட்டா விட்டா நீலம் மங்கிட்டே போகுது. 360 நானோமீட்டர் வெளிச்சத்த உள்ள அடிச்சு (எக்ஸைட்), 445-ல வெளிய வர்ற வெளிச்சத்த (எமிஷன்) அளக்கறேன். பஃபர்ல, அதாவது அமிலத்தன்மை மாறாத சுத்தமான கரைசல்ல, 0-ல இருந்து 50 மைக்ரோமோலார் வரைக்கும் நல்லா இறங்குது, 50-ல வெளிச்சம் பாதிக்கும் கீழ வந்துடுது.

பிரச்சினை சீரம்ல தான், அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் பிரிஞ்சு நிக்கற திரவத்துல. பத்து மடங்கு டைல்யூட் பண்ண சீரம்ல போட்டா மருந்தே போடாத பிளாங்க்கே ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒவ்வொரு மாதிரி வருது. ஒண்ணு பளிச்சுன்னு இருக்கு, ஒண்ணு மந்தமா இருக்கு. ரெக்கவரி, அதாவது போட்ட மருந்துல எத்தன சதவீதம் அளவீட்டுல திரும்ப வருதுங்கறது, 60 சதவீதமும் வருது 170 சதவீதமும் வருது. நூறு மடங்கு டைல்யூட் பண்ணிட்டு அதுக்கப்புறம் டெட்ராசைக்ளின் ஸ்பைக் பண்ணா (தெரிஞ்ச அளவு மருந்த நாமளே கலந்தா) மட்டும் 98, 101, 99னு அழகா வருது. கைடு அந்த டேபிள போட்டு பேப்பர் எழுதிடலாம்னு சொல்றார். படிச்ச பேப்பர்ல பாதிக்கு மேல அப்படித்தான் பண்ணியிருக்காங்க. ஆனா எனக்கு உறுத்திட்டே இருக்கு.

ஏன்னா நான் இந்த டாபிக் எடுத்ததுக்கு காரணம் எங்க தாத்தா. ஐசியூல இருந்தப்ப அவருக்கு வான்கோமைசின் ஏத்தினாங்க, ரத்தத்துல மருந்து அளவு பார்க்கணும்னு சாம்பிள் வெளியூருக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட் மூணாவது நாள் வந்துச்சு. அதுக்குள்ள கிரியேட்டினின் ஏறிடுச்சு, அதாவது கிட்னி அடி வாங்கிடுச்சு, டோஸையும் ஏற்கனவே மாத்திட்டாங்க, வந்த காகிதத்த யாரும் பிரிச்சு கூட பார்க்கல. தாத்தா பிழைச்சுட்டார், ஆனா அந்த மூணு நாள் என் மனசுல நிக்குது. பெட் பக்கத்துலயே பத்து நிமிஷத்துல அளக்க முடிஞ்சா எப்படி இருக்கும்னு தான் இதுக்குள்ள வந்தேன்.

என் கேள்வி ரெண்டு. சீரம்ல ஏன் இப்படி ஆகுது, அந்த நூறு மடங்கு டேபிள் சரியா தப்பா?


பழைய_லேப்மேட்:

தங்கச்சி, உறுத்துதுன்னு சொன்னீங்க பாருங்க, அது சரியான உறுத்தல். அத விட்டுடாதீங்க.

சீரத்துக்கு போறதுக்கு முன்னாடி பஃபர்லயே ஒரு விஷயம் பார்க்கணும். டெட்ராசைக்ளினோட யூவி ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாருங்க, 275 பக்கம் ஒரு மேடு, 360 பக்கம் இன்னொரு மேடு இருக்கும். நீங்க எக்ஸைட் பண்றதும் அதே 360. அப்போ விளக்குல இருந்து வர்ற வெளிச்சத்த டாட்ஸுக்கு போறதுக்கு முன்னாடியே மருந்து குடிச்சிடுது. டாட்ஸ் மேல அது ஒட்டவே வேணாம், பக்கத்துல கூட போக வேணாம், வழில நின்னாலே போதும், வெளிச்சம் மங்கும். இதத்தான் இன்னர் ஃபில்டர் எஃபெக்ட்னு சொல்றது.

கணக்கு போட்டே பார்த்துடலாம். 360-ல டெட்ராசைக்ளினோட மோலார் அப்சார்ப்டிவிட்டி சுமாரா 15,000னு வச்சுக்கோங்க, 50 மைக்ரோமோலார், 1 சென்டிமீட்டர் குவெட் (சாம்பிள் ஊத்தற கண்ணாடிக் குப்பி), அப்சார்பன்ஸ், அதாவது எவ்வளவு வெளிச்சம் உறிஞ்சுதுங்கற அளவு, 0.75 வரும். 445-ல அது கிட்டத்தட்ட ஒண்ணும் உறிஞ்சாது. திருத்தம் எப்படின்னா எக்ஸைட்டேஷன் இடத்து அப்சார்பன்ஸையும் எமிஷன் இடத்து அப்சார்பன்ஸையும் கூட்டி ரெண்டால வகுத்து, அத பத்துக்கு மேல அடுக்கா போட்டு, வர்ற எண்ணால உங்க இன்டென்சிட்டிய பெருக்கணும். இங்க 0.375 அடுக்கு, சுமார் 2.4. அதாவது டாட்ஸுக்கு ஒண்ணுமே ஆகாம இருந்தா கூட வெளிச்சம் 42 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். நீங்க பார்த்ததும் பாதிக்கும் கீழ தானே? புரியுதா எங்க வர்றேன்னு.

இன்னர் ஃபில்டர வச்சு அளக்கறது குற்றம் இல்ல, ஒரு மெத்தட் தான். ஆனா அப்புறம் அது சென்சார் இல்ல, சுத்தி வளைச்சு பண்ற யூவி அளவீடு. 360-ல உறிஞ்சற எது வந்தாலும் அதுக்கும் டாட்ஸ் மங்கும், இது டெட்ராசைக்ளின், இது வேறன்னு அதுக்கு தெரியாது. ஸ்டெர்ன் வோல்மர் கோடு (மருந்து இல்லாத வெளிச்சத்த மருந்து இருக்கற வெளிச்சத்தால வகுத்து, மருந்து அளவுக்கு எதிரா வரையறது) போட்டு பக்கத்துல டாட்ஸும் மருந்தும் கைகோர்க்கற மாதிரி படம் வரையறது தான் தப்பு.

செக் பண்ண லைஃப்டைம் எடுங்க, அதாவது ஒரு ஃப்ளாஷ் அடிச்சப்புறம் டாட்ஸ் வெளிச்சம் எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது. டாட்ஸும் மருந்தும் மோதி அணையுதுன்னா லைஃப்டைமும் அதே விகிதத்துல குறையணும். மாறவே இல்லன்னா மோதல் இல்ல. ஆனா இங்க ஒரு இடத்துல நிறைய பேர் வழுக்கறாங்க, லைஃப்டைம் மாறலன்னா உடனே ஸ்டாட்டிக் குவென்ச்சிங்னு, அதாவது மருந்து டாட்ஸ் மேல ஒட்டி அணைக்குதுன்னு, எழுதிடறாங்க. இன்னர் ஃபில்டருக்கும் லைஃப்டைம் மாறாது! ரெண்டையும் பிரிக்க சுலபமான வழி 3 மில்லிமீட்டர் குவெட்ல அதே அளவீட்ட திரும்ப பண்றது. வெளிச்சம் போற தூரம் குறைஞ்சா இன்னர் ஃபில்டர் குறையும், நிஜமா ஒட்டி அணையுதுன்னா குவெட் சைஸுக்கு அது மசியாது.

இன்னொண்ணு, டயாலிசிஸ் பண்ணீங்களா, அதாவது சின்ன மாலிக்யூல மட்டும் வெளிய விடற ஒரு பைல கரைசல ஊத்தி தண்ணில வச்சு சுத்தம் பண்ணீங்களா? சிட்ரிக் ஆசிட் எத்திலீன்டைஅமின் ரெசிபில வர்ற நீல வெளிச்சத்துல பெரும்பங்கு டாட்ஸே இல்ல, ரெண்டும் சேர்ந்து உருவாகற ஒரு சின்ன ஃப்ளோரசன்ட் மாலிக்யூல் தான்னு 2015 வாக்குலயே காட்டிட்டாங்க. வெறும் ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டிட்டு விட்டிருந்தா நீங்க அளந்துட்டு இருக்கறது நானோ துகளே இல்லாம இருக்கலாம். டயாலிசிஸ் பைக்கு வெளிய இருக்கற தண்ணிய டார்ச் அடிச்சு பாருங்க, அது நீலமா எரியறது நிக்கற வரைக்கும் மாத்திட்டே இருங்க. எனக்கு மூணு நாள் ஆச்சு.

நூறு மடங்கு டேபிள் பத்தி: வேணாம். டைல்யூட் பண்ணி முடிச்சுட்டு ஸ்பைக் பண்ணா அது சீரம் இல்ல, லேசா சீரம் கலந்த பஃபர். நோயாளி ரத்தத்துல மருந்து டைல்யூஷனுக்கு முன்னாடியே இருக்கு, அதுவும் சேர்ந்து தான் நூறு மடங்கு குறையும். முழு சீரம்ல ஸ்பைக் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் டைல்யூட் பண்ணி அளங்க. அந்த டேபிள் எப்படி வருதோ அது தான் உங்க ரிசல்ட்.


ரத்தப்பரிசோதனை_அக்கா:

நான் ஆஸ்பத்திரி பயோகெமிஸ்ட்ரி லேப்ல பல வருஷமா வேலை பார்க்கறேன் மா. உங்க தாத்தா விஷயம் படிச்சதும் பதில் போடாம இருக்க முடியல.

முதல்ல நம்பர் சொல்றேன். டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிடறவங்க ரத்தத்துல அளவு லிட்டருக்கு 2ல இருந்து 5 மில்லிகிராம் அளவுல தான் இருக்கும், உங்க யூனிட்ல கிட்டத்தட்ட 5ல இருந்து 11 மைக்ரோமோலார். பத்து மடங்கு டைல்யூட் பண்ணா 1 மைக்ரோமோலார் கூட தேறுமான்னு பாருங்க. மேல அவர் போட்ட கணக்குலயே 1 மைக்ரோமோலாருக்கு அப்சார்பன்ஸ் 0.015, வெளிச்சம் ரெண்டு சதவீதம் கூட இறங்காது. நூறு மடங்குன்னா கேக்கவே வேணாம். உங்க சீரம் பிளாங்க் ஒண்ணுக்கொண்ணு இருக்கற வித்தியாசமே அத விட பல மடங்கு பெருசு.

அந்த வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னா, உங்க டியூப் ரேக்க வெள்ளப் பேப்பர் முன்னாடி வச்சு பாருங்க மா. நாங்க தினமும் பார்க்கறது. ஒண்ணு வெளிர் மஞ்சளா இருக்கும், ஒண்ணு லேசா ரோஸா இருக்கும், அது ஹீமோலிசிஸ், ஊசி போட்டு இழுக்கறப்போ சிவப்பணு உடைஞ்சது. ஹீமோகுளோபின் 415 பக்கம் பயங்கரமா உறிஞ்சும், வால் 445 வரைக்கும் நீளும். ஒண்ணு நல்ல மஞ்சளா இருக்கும், பிலிருபின், அது 450 பக்கம் உறிஞ்சும், அதாவது உங்க டாட்ஸ் வெளிய விடற வெளிச்சத்தையே அது முழுங்கும். ஒண்ணு பால் மாதிரி கலங்கி இருக்கும், சாப்பிட்டதும் எடுத்தது, கொழுப்பு, வெளிச்சத்த சிதறடிக்கும். இதுக்கெல்லாம் மேல சீரத்துக்கே சொந்தமா ஒரு நீல வெளிச்சம் இருக்கு. ஆக உங்க சென்சார் மருந்த அளக்கல, யாருக்கு மஞ்சக்காமாலை, யாருக்கு ஊசி சரியா ஏறல, யாரு இட்லி சாப்பிட்டுட்டு வந்தாங்கன்னு அளந்துட்டு இருக்கு.

ஆல்புமின வேற மறந்துடாதீங்க. லிட்டருக்கு 40 கிராம்னா 600 மைக்ரோமோலார். மருந்து பத்து, ஆல்புமின் அறுநூறு. உங்க துகள சீரம்ல போட்ட உடனே புரோட்டீன் மேல வந்து போர்த்திக்கும், பஃபர்ல நீங்க பார்த்த அதே துகள் இல்ல அது.

இப்ப நான் நிஜமா சொல்ல வந்தது. தாத்தாவுக்கு போட்டது வான்கோமைசின், நீங்க அளக்கறது டெட்ராசைக்ளின். ஏன் மா? எந்த வார்டுல இருந்தும் டெட்ராசைக்ளின் லெவல் பாருங்கன்னு எனக்கு ஒரு சாம்பிள் வந்ததில்ல. யாருக்கும் அது தேவைப்படறதில்ல. எங்களுக்கு வர்றது வான்கோமைசின், அமிக்காசின், ஜென்டாமைசின். குறைஞ்சா கிருமி சாகாது, கூடினா கிட்னி போகும், அமிக்காசின் ஜென்டாமைசினுக்கு காதும் போகும். வான்கோமைசினுக்கு முன்னாடி எல்லாம் அடுத்த டோஸுக்கு முன்ன எடுக்கற டிரஃப் லிட்டருக்கு 15-ல இருந்து 20 மில்லிகிராம் இருக்கணும்னு வச்சிருந்தோம், 2020-ல அமெரிக்க கைட்லைன் மாறிடுச்சு, இப்ப நாள் முழுக்க உடம்பு பார்த்த மொத்த மருந்து, ஏயூசின்னு சொல்றது, அது எம்ஐசிக்கு (கிருமி வளராம நிறுத்த வேண்டிய குறைஞ்சபட்ச மருந்து அளவு) 400-ல இருந்து 600 மடங்குக்குள்ள இருக்கணும். சரியா கணக்கு போட ரெண்டு சாம்பிள் வேணும், ஏத்தி முடிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு, அடுத்த டோஸுக்கு முன்ன ஒண்ணு. ரெண்டு ஊசி, ரெண்டு டியூப், ரெண்டும் சீக்கிரம் ரிப்போர்ட் ஆகணும். பெட் பக்கத்துல அளக்கற கருவிக்கு இத விட பெரிய தேவை எங்க இருக்கு சொல்லுங்க.

ஒரு தடவ எங்களுக்கு வந்த சாம்பிள்ல வான்கோமைசின் நம்பவே முடியாத அளவுக்கு ஏறி இருந்தது. மெஷின்ல தப்புன்னு நினைச்சு ரெண்டு தடவ ரிப்பீட் பண்ணேன், அதே நம்பர். அப்புறம் வார்டுக்கு ஃபோன் பண்ணி கேட்டா மருந்து ஏத்தின அதே லைன்ல இருந்து ரத்தம் எடுத்திருக்காங்க. லைன்ல ஒட்டிட்டு இருந்த மருந்த அளந்திருக்கோம். இன்னொரு கைல எடுத்து அனுப்ப சொன்னேன், சரியா வந்தது. உங்க கருவி எவ்வளவு நல்லா இருந்தாலும் இது நடக்கும், அதனால டியூப் மேல டோஸ் போட்ட நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் எழுதாத சாம்பிள வாங்காதீங்க.


மருந்தியல்_மாணவன்:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். வான்கோமைசின் பாக்டீரியா செல் சுவர்ல பிடிக்கறது டி-அலனைன் டி-அலனைன்னு முடியற ஒரு குட்டி பெப்டைட் வால. அஞ்சு ஹைட்ரஜன் பாண்ட் போட்டு பிடிக்கும். லைசின் சேர்த்த அந்த பெப்டைட தனியா செஞ்சு வாங்கலாம். பிடிப்பு ஒரு மைக்ரோமோலார் அளவுல. லிட்டருக்கு 15 மில்லிகிராம் வான்கோமைசின்னா சுமார் 10 மைக்ரோமோலார், அஞ்சு மடங்கு டைல்யூட் பண்ணா 2, அதாவது அந்த பிடிப்புக்கு சரியா பொருந்தற இடம். வான்கோமைசின் 280 பக்கம் தான் உறிஞ்சும், 360-ல கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல, உங்க இன்னர் ஃபில்டர் தலைவலியும் இருக்காது.


லாந்தனைடு_விரும்பி:

எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் வெளிச்சம் பக்கம் மட்டும் பேசறேன்.

சீரம்ல நீல வெளிச்சம் வச்சு நேரா அளக்கறது திருவிழாக் கூட்டத்துல ஒருத்தர் முணுமுணுக்கறத கேக்கற மாதிரி. ரெண்டு வழி இருக்கு. கூட்டம் அமைதியாகற வரைக்கும் காத்திருக்கலாம், இல்ல கூட்டமே பேசாத ஒரு இடத்துக்கு போயிடலாம்.

காத்திருக்கறதுன்னா யூரோப்பியம், டெர்பியம். சீரத்தோட சொந்த வெளிச்சம் சில நானோ செகண்ட்ல செத்துடும். யூரோப்பியம் வெளிச்சம் நூறு மைக்ரோசெகண்ட்ல இருந்து மில்லிசெகண்ட் வரைக்கும் நிக்கும். ஃப்ளாஷ் அடிச்சு ஒரு 50, 100 மைக்ரோசெகண்ட் கழிச்சு டிடெக்டர திறந்தா சீரம் இருட்டு, யூரோப்பியம் மட்டும் 616-ல சிவப்பா இருக்கும். டைம் கேட்டட் மோட் இருக்கற பிளேட் ரீடர் இருந்தா போதும். உங்களுக்கு டெட்ராசைக்ளின விட மனசில்லன்னா இது அதுக்கு நேரா பொருந்தும், ஏன்னா டெட்ராசைக்ளின் யூரோப்பியத்த பிடிச்சுக்கிட்டு தானே வெளிச்சத்த வாங்கி அதுக்கு ஊட்டும், ஆன்டெனா மாதிரி. மருந்து வந்தா மங்கறதுக்கு பதிலா மருந்து வந்தா எரியும். மங்கறத விட எரியறத நம்பலாம், மங்கறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு டெர்பியம் இதே வேலைய பச்சைல, 545-ல செய்யும்.

ஆனா ரெண்டு எடத்துல நான் மாசக்கணக்கா நேரத்த விட்டேன், நீங்க விடாதீங்க. ஒண்ணு பாஸ்பேட் பஃபர். யூரோப்பியம் பாஸ்பேட்டோட சேர்ந்து அப்படியே படிஞ்சிடும், ட்ரிஸ் இல்ல ஹெபெஸ் போடுங்க. ரெண்டாவது ரத்தக் குழாய். ஊதா மூடி டியூப்ல ஈடிடிஏ இருக்கு, அது கால்சியத்த பிடிக்கத்தான் போட்டது, யூரோப்பியத்த அத விட இறுக்கமா பிடிக்கும். இளநீல மூடில சிட்ரேட், அதுவும் பிடிக்கும். எனக்கு ஒரு பேட்ச் முழுக்க சிக்னலே இல்லாம போச்சு, கெமிஸ்ட்ரிய சந்தேகப்பட்டு எல்லாத்தையும் புதுசா செஞ்சேன், கடைசில ஃபிரிட்ஜ்ல மீதி இருந்த டியூப எடுத்து பார்த்தா எல்லாம் ஊதா மூடி. சிவப்பு மூடி சீரம் கேளுங்க. பச்சை மூடில ஹெப்பாரின், அது நெகட்டிவ் சார்ஜ், அமின் இருக்கற உங்க கார்பன் டாட்ஸ்ல போய் ஒட்டலாம், அதையும் தனியா செக் பண்ணிக்கோங்க.

கூட்டமே பேசாத இடம்னா அப்கன்வர்ஷன் துகள். இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃப்ளோரைடு, 980-ல அகச்சிவப்பு லேசர் அடிச்சா 540-ல பச்சையும் 655-ல சிவப்பும் விடும். அகச்சிவப்பு வாங்கிட்டு கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் விடற பொருள் ரத்தத்துல கிடையாது, அதனால பின்னணி கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பச்சைய நம்பாதீங்க, ஹீமோகுளோபின் 540-லயும் 577-லயும் உறிஞ்சும், லேசா ரோஸா இருக்கற சீரம் கூட பச்சைய தின்னுடும். சிவப்புல அளங்க. குறை என்னன்னா வெளிச்சம் ரொம்ப கம்மி, பல துகள்ல ஒரு சதவீதத்துக்கும் கீழ தான் குவான்டம் யீல்டு (வாங்கின வெளிச்சத்துல எவ்வளவு திரும்ப விடுதுங்கறது), அதோட 980-ய தண்ணியும் உறிஞ்சி சூடாகும், லேசர ரொம்ப நேரம் ஒரே இடத்துல வைக்காதீங்க.

வான்கோமைசினுக்கு போறீங்கன்னா ஒரு யோசனை. பெப்டைட துகள் மேல கட்டறதால மட்டும் வெளிச்சம் மாறாது, மருந்து வந்து பிடிச்சாலும் துகள் அது பாட்டுக்கு எரியும். போட்டி வைக்கணும். வான்கோமைசின் கட்டின தங்க நானோ துகள முதல்லயே பெப்டைடோட சேர்த்து விட்டா தங்கம் பத்து நானோமீட்டருக்குள்ள வந்து வெளிச்சத்த அணைக்கும். நோயாளி சீரம்ல இருக்கற மருந்து வந்து அந்த இடத்த பிடிச்சா தங்கம் விலகும், வெளிச்சம் திரும்ப வரும். ஒரு தங்கத் துகள் மேல நிறைய வான்கோமைசின் கட்டிடாதீங்க, பல கையால பிடிச்சா ஒரு கை விட்டாலும் இன்னொரு கை பிடிச்சுக்கும், மருந்து எவ்வளவு வந்தாலும் தங்கம் நகராது. ஒண்ணு ரெண்டோட நிறுத்தணும், அங்க தான் உங்க ஒரு வருஷம் போகும்.


நீலவெளிச்சம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட மூணு வாரம் ஆயிடுச்சு, சொன்னதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

அண்ணா, டயாலிசிஸ் பண்ணேன். முதல் நாள் வெளித் தண்ணிய டார்ச் அடிச்சு பார்த்தப்ப பை உள்ள இருக்கறத விட வெளிய தான் பளிச்சுன்னு இருந்துச்சு. அத பார்த்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டேன். நாலு நாள் மாத்தினேன். உள்ள மிஞ்சினது எரியுது, ஆனா முன்ன மாதிரி இல்ல.

மிஞ்சினத வச்சு லைஃப்டைம் பக்கத்து இன்ஸ்டிட்யூட்ல எடுத்தோம். டெட்ராசைக்ளின் இல்லாம 14.1 நானோ செகண்ட், 50 மைக்ரோமோலார்ல 13.9. அப்புறம் 3 மில்லிமீட்டர் குவெட்ல பண்ணா மங்கறதே ரொம்ப குறைஞ்சிடுச்சு. திருத்தம் போட்டு ப்ளாட் பண்ணா என் அழகான கோடு படுத்துடுச்சு, எல்லாப் புள்ளியும் 1 பக்கத்துலயே நிக்குது. ஆக இதுவரைக்கும் நான் அளந்தது எல்லாமே இன்னர் ஃபில்டர்.

முழு சீரம்ல 10 மைக்ரோமோலார் ஸ்பைக் பண்ணி பத்து மடங்கு டைல்யூட் பண்ணியும் பார்த்தேன். ஒண்ணுமே தெரியல, பிளாங்க்குக்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியல. அக்கா சொன்ன மாதிரி டியூப் எல்லாத்தையும் வெள்ளப் பேப்பர் முன்னாடி வச்சு போட்டோ எடுத்தேன், எட்டுல ரெண்டு ரோஸ், ஒண்ணு நல்ல மஞ்சள். அந்த மஞ்சள் தான் எப்பவும் மந்தமா வந்த சாம்பிள்.

கைடு கிட்ட மூணு கிராஃபையும் கொண்டு போய் வச்சேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அந்த பேப்பர நிறுத்திட்டார். டெட்ராசைக்ளின் ஏன் எடுத்தேன்னு அக்கா கேட்டீங்க, நேர்மையா சொன்னா அலமாரில அந்த பாட்டில் இருந்துச்சு, பேப்பரும் அதுல தான் நிறைய இருந்துச்சு. வான்கோமைசினுக்கு மாறலாம்னு கேட்டேன், ஆறு மாசம் டைம் குடுத்திருக்கார். பெப்டைட் ஆர்டர் பண்ண கோட்டேஷன் கேட்டாச்சு.

நோயாளி சாம்பிள் வாங்க என்ன பண்ணணும், நேரா லேப்ல போய் மீதி சீரம் கேட்டா குடுப்பாங்களா? சாம்பிள எப்படி வச்சுக்கறது?


ரத்தப்பரிசோதனை_அக்கா:

நேரா கேட்டா குடுக்கக் கூடாது மா, குடுத்தாலும் வாங்காதீங்க. மீதி சீரம்னாலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஐசிஎம்ஆர், அதோட 2017 வழிகாட்டில அது இருக்கு. பேர், ஐபி நம்பர் எல்லாம் எடுத்துட்டு தான் வரும், நோயாளி கிட்ட தனியா சம்மதம் வேணுமா வேணாமான்னு கமிட்டி சொல்லும். விண்ணப்பத்த இப்பவே போட்டுடுங்க, பெப்டைட் வர்றதுக்குள்ள அனுமதி வந்தா நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கிட்டீங்களான்னு முதல்ல பாருங்க. கெமிஸ்ட்ரி லேப்ல ரத்தத்த ஆசிட் மாதிரி தான் பார்க்கறாங்க, ஆசிட் பாட்டில் மேல எழுதியிருக்கும், ரத்தத்து மேல எழுதியிருக்காது. எல்லா டியூபையும் தொத்து இருக்கறதா நினைச்சே தொடுங்க.

வான்கோமைசின் சீரத்த மைனஸ் 80-ல வச்சுக்கோங்க, ஒரு டியூப்ல மொத்தமா வைக்காம குட்டி குட்டியா பிரிச்சு வைங்க, ஒரே சாம்பிள உருக்கி உறைய வச்சு உருக்கின்னு பண்ணாதீங்க. பின்னாடி மெரோபெனம் பக்கம் போனீங்கன்னா இன்னும் கவனம், அது ரூம் டெம்பரேச்சர்ல வெளிய இருந்தாலே சிதைஞ்சுட்டே இருக்கும், ஐஸ்ல கொண்டு வரணும்.

ஒண்ணு கேட்டுக்கோங்க, ஒவ்வொரு சாம்பிளுக்கும் லேப்ல இம்யூனோஅஸ்ஸேல (ஆன்டிபாடி வச்சு மருந்த அளக்கற வழக்கமான டெஸ்ட்) வந்த நம்பரையும் சேர்த்து வாங்குங்க, ஆனா உங்க அளவீடு முடியற வரைக்கும் நீங்க அத பார்க்காதீங்க. வேற யாராவது வச்சிருக்கட்டும். ரோஸா இருக்கறது, மஞ்சளா இருக்கறது, கலங்கினது எல்லாம் வேணும்னே கேட்டு வாங்குங்க, நல்ல சாம்பிள மட்டும் பொறுக்காதீங்க, ஐசியூல இருந்து வர்றது பாதி அப்படித்தான் இருக்கும்.


பழைய_லேப்மேட்:

தங்கச்சி, அந்த மூணு கிராஃப கொண்டு போய் வச்சது பெரிய விஷயம். நான் படிச்சப்ப அத பண்ணல, அந்த பேப்பர் இன்னும் என் பேர்ல இருக்கு.

வேலிடேஷனுக்கு, அதாவது மெத்தட் நம்பத் தகுந்ததுன்னு நிரூபிக்கறதுக்கு, இப்பவே ஐசிஎச் எம்10ங்கற சர்வதேச வழிகாட்டிய படிச்சு வைங்க, 2022-ல வந்தது. உங்கள மாதிரி பிடிப்ப வச்சு அளக்கற மெத்தட்டுக்கு நிஜ அளவுல இருந்து 20 சதவீதத்துக்குள்ள வரணும், அளக்கக் கூடிய கடைசி அடிமட்டத்துலயும் உச்சத்துலயும் மட்டும் 25 வரைக்கும் விடுவாங்க. பிளாங்க் சீரம் ஒருத்தர் கிட்ட இருந்து வாங்கி கலக்கி வச்சுக்கிட்டா போதாது, தனித்தனியா பத்து பேரோடதாவது எடுத்துக்கோங்க, ஹீமோலிசிஸ் ஆனது, கொழுப்பு கலந்தது ரெண்டும் அதுக்கு மேல தனியா. லிமிட் ஆஃப் டிடெக்‌ஷன (கண்டுபிடிக்க முடியற குறைஞ்சபட்ச அளவ) பஃபர் ஸ்லோப்ப வச்சு போட்டு நானோமோலார்னு எழுதாதீங்க, சீரம் பிளாங்க் எவ்வளவு ஆடுதோ அத வச்சு போடுங்க. பெருசா வரும், பரவால்ல, உங்களுக்கு வேண்டியது லிட்டருக்கு 5-ல இருந்து 50 மில்லிகிராம் வரைக்கும் தான்.

வான்கோமைசின்ல பாதி அளவுக்கு புரோட்டீன்ல ஒட்டிட்டு இருக்கும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. லேப் நம்பர் மொத்த மருந்து. உங்க பெப்டைட் முதல்ல பிடிக்கறது ஒட்டாம இருக்கற மருந்த. டைல்யூட் பண்ணா ஒட்டினது கொஞ்சம் கழண்டும் வரும். அதனால உங்க நம்பரும் லேப் நம்பரும் ஒத்துப் போகலன்னா உடனே சென்சார குறை சொல்லாதீங்க, புரோட்டீன நிறுத்திட்டு மருந்த மட்டும் விடற 30 கிலோடால்டன் ஃபில்டர்ல சுத்தி வடிச்ச தண்ணியயும் ஒரு தடவ அளந்து பாருங்க.


நீலவெளிச்சம்:

சரிண்ணா. எதிக்ஸ் ஃபார்ம் திங்கட்கிழமை போடறேன். அக்கா, தடுப்பூசி ரெண்டு டோஸ் போட்டிருக்கேன், மூணாவது விட்டுப் போச்சு, நாளைக்கே போட்டுக்கறேன். லாந்தனைடு அண்ணா, அந்த தங்கத் துகள் மேல எத்தன வான்கோமைசின் உட்கார்ந்திருக்குன்னு எண்ணறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? கழுவின தண்ணில மிஞ்சினத 280-ல அளந்து கழிச்சா போதுமா?


லாந்தனைடு_விரும்பி:

தொடக்கத்துக்கு போதும். மூணு தடவ கழுவி மூணு தண்ணியயும் சேர்த்து அளங்க. தங்கத் துகள் ஒண்ணு கூட மிஞ்சாம சென்ட்ரிஃபியூஜ்ல இறக்கிட்டு அளங்க, இல்லன்னா தங்கமே 280-ல உறிஞ்சி உங்க கணக்க கெடுத்துடும். நம்பர் வந்ததும் இங்கயே போடுங்க.